கற்படுக்கை கூறும் சாட்சி



பவ்விய ஆத்மாக்களே!

ஓர் அரசன் மறைகின்றான். அவன் மொழிந்த சொற்கள் காற்றில் கலந்து விடுகின்றன. அவனைப் புகழ்ந்து எழுதிய ஏடுகளைச் செல் அரித்து விடுகின்றது. அவன் எழுப்பிய கட்டடமோ பன்னூறு ஆண்டுகள் நின்று, அவனைப் பற்றியும் அவன் காலத்து மக்களைப் பற்றியும் சாட்சி சொல்லிக் கொண்டிருக்கின்றது. அவன் மறைக்க விரும்பியவற்றையும் அது சொல்லி விடுகின்றது என்பதே அச்சாட்சியின் சிறப்பாகும்.

பழம்பெருங் கட்டடங்களைக் காணச் செல்லும் நம்மவர், "எத்தனை அடி உயரம்? எத்தனை ஆண்டு பழமை? எவ்வளவு செலவு ஆகியிருக்கும்?" என்று கேட்பது வழக்கம். கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும் சிராவகன் ஒருவன் அவற்றோடு நின்று விடலாகாது. இது எவருக்காக எழுப்பப்பட்டது? இதற்குப் பொருளும் உழைப்பும் ஈந்தவர் எவர்? எழுப்பியவர் மறைந்த பின் இதனைக் காத்தவர் எவர்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால் அந்நாகரிகத்தின் உள்ளம் நமக்குப் புலப்படும்.

உலகின் பெருங்கட்டடங்கள்

எகிப்து நாட்டுக் கீசாவில் கூபு மன்னனின் பிரமிடு நிற்கின்றது. ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. தொடக்கத்தில் சற்றேறக்குறைய 146 மீட்டர் உயரமுடையது. ஏறத்தாழ 23 இலட்சம் கற்களால் அடுக்கப்பட்டது. இவ்வளவும் எவருக்காக? இறந்த ஒரு மன்னனின் உடலுக்காக. உடல் அழியாதிருந்தால் மறுமை வாழ்வும் அழியாதிருக்கும் என்று அம்மக்கள் நம்பினர். உடல் வேறு, உயிர் வேறு என்னும் பேதஞானத்தை முதற்பாடமாகக் கற்கும் நமக்கு அந்நம்பிக்கை ஏற்புடையதன்று.

ஆயினும் ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுவது அநேகாந்த நெறியைப் பின்பற்றும் நமக்கு அழகாகாது. சாட்டையடிக்கு அஞ்சிய அடிமைகள் கட்டியது பிரமிடு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1990ஆம் ஆண்டு, அப்பிரமிடுகளுக்கு அருகிலேயே அவற்றைக் கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் கண்டறியப்பட்டன. அவர்கள் வாழ்ந்த குடியிருப்பும், அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுக்களைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. முறிந்து பின்னர் நன்கு கூடிய எலும்புகள் அவர்தம் உடல்களில் காணப்பட்டன. முறிந்த கைக்கு மருத்துவம் செய்தோர் அங்கு இருந்தனர் என்பதற்கு அந்த எலும்பே சான்று. பிரமிடின் உயரம் மன்னனின் ஆசையைச் சொல்கின்றது. கூடிய எலும்போ அம்மக்களின் பரிவைச் சொல்கின்றது.

அடுத்து, உரோமாபுரியின் கொலோசியம். கி.பி. 80ஆம் ஆண்டு தீத்து மன்னனால் திறந்து வைக்கப்பட்ட நீள்வட்ட அரங்கம் இது. ஏறத்தாழ 50,000 பேர் அமரலாம். அத்துணைப் பேரும் நெரிசலின்றி வந்து செல்ல அமைக்கப்பட்ட வாயில்களையும் வளைவுகளையும் இன்றைய பொறியாளரும் வியக்கின்றனர். அவ்வறிவெல்லாம் எதற்குப் பயன்பட்டது? திறப்பு விழா 100 நாள் நடைபெற்றதென்றும், அதில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டன என்றும் பின்னாளில் வாழ்ந்த உரோமானிய வரலாற்றாசிரியர் காசியசு தியோ எழுதி வைத்துள்ளார். மனிதனை மனிதன் கொல்வதும் அங்கே வேடிக்கையாயிற்று. கல்லை வளைக்கக் கற்ற மக்கள் உயிர்க்கு இரங்கக் கற்கவில்லை. கலையறிவும் அறவறிவும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் பெரிய சாட்சி வேண்டுமோ?

சிந்து வெளியின் மொகஞ்சதாரோ வேறொரு சாட்சி கூறுகின்றது. 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நகரில் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட பெருங்குளம் உள்ளது. நீர் கசியாதபடி நிலக்கீல் பூசப்பட்டது. வீடுதோறும் கழிவுநீர் செல்லத் தெருக்களில் மூடிய வடிகால்கள் உள்ளன. ஆனால் இதுவே அரண்மனை என்று ஐயமின்றிக் காட்டத்தக்க கட்டடம் ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. ஒருவனுடைய பெருமையைக் காட்டிலும் ஊரார் அனைவரின் தூய்மையை முதன்மையாகக் கொண்ட மக்களாக அவர்கள் நமக்குத் தோன்றுகின்றனர்.

நம் முன்னோரின் முதற்கட்டடம்

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழகத்தில் நம் முன்னோர் விட்டுச் சென்ற மிகப் பழைய கட்டுமானம் எது? கோபுரமா, மதிலா, மண்டபமா? இவை ஒன்றுமில்லை. ஒரு படுக்கை! இயற்கையான மலைக்குகையின் தரையைச் செதுக்கிச் சமன் செய்து, தலைப்பக்கம் சற்றே உயர்த்தி, ஒருவர் படுக்கும் அளவில் அமைத்த கற்படுக்கை. மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் வெட்டிய ஒரு புருவம். அவ்வளவே.

அதில் எவர் படுத்தார்? தமக்கென ஏதுமில்லாத துறவியர். பிரமிடினுள் மன்னனோடு பொன்னும் மணியும் புதைக்க இடம் வேண்டியிருந்தது. கற்படுக்கையில் துறவியின் உடல் கிடக்கும் இடத்திற்கு மேல் ஒரு சாண் இடமும் இல்லை. பொருளை வைக்க இடமே இல்லாத கட்டடம் அது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தைக் கல்லில் வடித்தால் அது இவ்வாறுதான் இருக்கும்.

மதுரைக்கு அருகே மாங்குளத்து மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பான், கணி நந்தன் என்னும் ஆசிரியருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை ஒரு கல்வெட்டு கூறுகின்றது. "தம்மம்" என்னும் சொல்லும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் அம்மலையில் கொடை அளித்துள்ளனர். துறவியர் தங்கும் இடத்தைக் குறித்த பள்ளி என்னும் சொல்தான் இன்று நம் பிள்ளைகள் நாள்தோறும் செல்லும் கல்விச்சாலைக்குப் பெயராகி நிற்கின்றது.

கரூர் அருகே புகளூரில் ஆறுநாட்டார் மலையுள்ளது. சேர வேந்தன் ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ; அவன் மகன் இளங்கடுங்கோ. இவ்விளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணருக்குக் கல் அறுத்துப் படுக்கை அமைத்துக் கொடுத்தான். பட்டம் ஏற்கும் நாளில் தனக்கொரு மாளிகை கட்டிக் கொள்வது உலக வழக்கம். தரையில் துயிலும் ஒரு முதியவரின் முதுகு நோவாதிருக்க வழி செய்ததைத் தன் பட்டத்தின் நினைவாக விட்டுச் சென்றான் இந்த இளைஞன்.

எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொடுவது அழகர்மலை. அங்குள்ள கற்படுக்கைகளின் அருகே கொடையாளரின் பெயர்கள் உள்ளன. அவர்கள் மன்னர்கள் அல்லர். உப்பு வணிகன் வியகன்; பாணித வணிகன் நெடுமலன், அதாவது வெல்லப்பாகு விற்றவன்; கொழு வணிகன் எளசந்தன், அதாவது ஏர்க்கொழு விற்றவன். அறுவை வணிகர், அதாவது துணி விற்றவர் பெயரும், பொன் தொழில் செய்தவர் பெயரும் அங்குண்டு. உப்பும் வெல்லமும் விற்ற மக்கள் தம் சிறு ஊதியத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்துக் கல் வெட்டுவித்தனர். ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்த உப்பு வணிகனின் பெயர் நமக்குத் தெரிகின்றது. அவன் காலத்துக் குறுநில மன்னர் எத்தனையோ பேரின் பெயர் தெரியவில்லை.

பெயர் பொறித்தது புகழாசை அன்றோ என்று சிலர் கேட்கலாம். சிந்தித்துப் பாருங்கள். பெயருடன் தொழிலையும் சேர்த்தே பொறித்துள்ளனர். "இவன் உப்பு வணிகன்" என்று ஒரு மாமுனிவரின் படுக்கையருகே எழுதி வைத்த பின், அவன் கள்ள மரக்கால் கொண்டு அளக்க முடியுமா? அவன் கடைக்கு வருவோர் மலைக்கும் செல்வர், கல்வெட்டையும் கேட்டறிவர். அப்பெயர் அவனுக்குப் புகழாக இருந்ததைக் காட்டிலும் பிணையாக இருந்தது என்றே நான் கருதுகின்றேன். இன்று நம் ஆலயங்களில் குழல் விளக்கின் மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி, விளக்கின் ஒளியில் பாதியை மறைத்து விடுகின்றோம். பெயர் எழுதுவது குற்றமன்று. எழுதிய பெயருக்கேற்ப நாம் கடையிலும் அலுவலகத்திலும் நடந்து கொள்கின்றோமா என்பதே கேள்வி.

இரண்டு அரங்கங்கள்

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்னும் குகை உள்ளது. பாறையில் வெட்டிய ஏழு அடிச்சுவடுகளைப் பற்றிச் செல்ல வேண்டிய இடமாதலால் அப்பெயர் பெற்றது. அங்கே 17 படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பழமையானதில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கின்றது. ஏனைய சிலவற்றில் பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த துறவியரின் பெயர்கள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக அதே கல்லில் படுத்து, அதே நெறியில் நின்றிருக்கின்றனர்.

அம்மலையிலேயே அறிவர் கோயில் என்னும் குடைவரை உண்டு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார். அதன் மேல்விதானத்து ஓவியத்தை நீங்கள் அறிவீர்கள். தாமரைகள் நிறைந்த ஒரு பொய்கை, மீன்கள், நீர்ப்பறவைகள், யானைகளும் எருமைகளும், மலர் கொய்யும் மூவர். இதனைச் சமவசரணத்தின் காதிகாபூமி என்று அறிஞர் கூறுவர். அருகப் பெருமானின் அறவுரை கேட்கச் செல்லும் பவ்வியர்கள் வழியில் மலர் பறிக்கும் இடம் அது.

சமவசரணமும் வட்ட வடிவான பேரரங்கமே. கொலோசியமும் வளைந்த பேரரங்கமே. இரண்டிலும் மக்கள் சுற்றி அமர்கின்றனர். இரண்டிலும் விலங்குகளும் வருகின்றன. ஓர் அரங்கத்தில் விலங்குகள் நடுவே தள்ளப்பட்டுச் சாகின்றன; சுற்றியிருப்போர் ஆரவாரம் செய்கின்றனர். மற்றோர் அரங்கத்தில் தேவர், மனிதர், துறவியர், பெண்டிர் அனைவருக்கும் இடம் வகுத்த பின், பன்னிரண்டாம் கோட்டத்தில் விலங்குகளும் பறவைகளும் பகை மறந்து அமர்ந்து அறம் கேட்கின்றன. தீர்த்தங்கரருக்கு முன் சிங்கமும் மானும் ஒரே வரிசையில் அமர்கின்றன. ஒரு மக்களினம் தன் கனவில் எத்தகைய அரங்கத்தை எழுப்புகின்றது என்பதைக் கொண்டும் அதன் நாகரிகத்தை அறியலாம். உரோமானியர் கற்களால் கட்டியது இன்றும் நிற்கின்றது. நம் முன்னோர் வண்ணக் குழம்பால் தீட்டியது மங்கிக் கொண்டே வருகின்றது. எது வாழ வேண்டும் என்று நம் உள்ளம் சொல்கின்றது?

சிறு விளக்கும் பெருவெற்றியும்

போளூருக்கு அருகே திருமலையில் 16 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நேமிநாதர் திருவுருவைத் தரிசிக்காத தமிழ்ச் சமணர் மிகச் சிலரே இருப்பர். அங்கே முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டொன்று உள்ளது. அதன் முற்பகுதி முழுவதும் போர்ச் செய்தி. அம்மன்னன் வென்ற நாடுகள், கங்கைக்கரை வரை சென்ற அவன் படை, பணிந்த மன்னர்கள் என்று வரிவரியாக நீள்கின்றது. ஈற்றில்தான் கல்வெட்டு எழுந்த காரணம் வருகின்றது. மல்லியூரில் வாழ்ந்த வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்தார். கங்கை வரை சென்ற வெற்றி அக்கல்லில் முன்னுரையாக நிற்கின்றது. ஓர் இல்லத்தரசியின் விளக்கே அங்கு செய்தி.

அவ்வாலயத்திற்குப் பெயர் தந்த குந்தவைப் பிராட்டியார் முதலாம் இராசராசனின் தமக்கையார். திண்டிவனம் பகுதியிலுள்ள தாதாபுரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் ஜினபகவானுக்கும் தனித்தனியே கோயில் எடுப்பித்தவர் அவர். தம் குலத்தார் வழிபடும் தெய்வத்திற்குக் கோயில் எடுப்பது எவர்க்கும் இயல்பு. பிறர் நெறிக்கும் இடம் தந்தது அவர்தம் உள்ளத்தின் விரிவு. அங்கே சிவாலயமும் விண்ணகரமும் இன்றும் உள்ளன. ஜினாலயத்தை மட்டும் காண முடியவில்லை. அதனைக் காத்து நிற்க அவ்வூரில் நம்மவர் இல்லாமற் போயினர் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

வந்தவாசி வட்டத்து வேடல் கல்வெட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரையும் குறிப்பிடுகின்றது. வேறு 400 பெண் துறவியருக்கும் இவர்களுக்கும் பிணக்கு எழுந்தபோது, ஊரார் முன்வந்து குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கப் பொறுப்பேற்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் மலையடியில் 500 பெண்கள் கல்வி கற்றனர்! அக்கல்வெட்டு இல்லையேல் அந்த எளிய குன்றைக் கடந்து செல்வோர் இதனை அறிய வழியே இல்லை. கட்டடத்தின் அளவு சிறிதாயினும் அதில் நடந்த செயல் எத்துணைப் பெரிது!

குல்லகாய் அளவு பால்

பெரிய அளவில் எழுந்தவற்றையும் நம் நெறி புறக்கணிக்கவில்லை. சிரவணபெளகொளாவில் கங்க மன்னனின் அமைச்சராகிய சாமுண்டராயர் கி.பி. 981இல் எடுப்பித்த பாகுபலியின் திருவுருவம் ஏறத்தாழ 58 அடி உயரமுடையது. அதன் அடியில் கன்னடத்தோடு தமிழிலும் எழுத்துப் பொறித்துள்ளனர். தமிழ் மொழியினரும் அம்மலைக்கு அயலாராக இருக்கவில்லை. அத்துணை உயர்ந்த சிலை ஓர் அரசனின் வெற்றியைக் காட்டுவதன்று. வென்ற நாட்டை அவ்விடத்திலேயே விட்டு நீங்கியவரைக் காட்டுவது. புற்றெழுந்து கொடி படர்ந்தும் அசையாது நிற்கும் அவ்வுருவில் ஆடையோ அணியோ ஆயுதமோ இல்லை.

அங்கு வழங்கும் மரபுக் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலை முடிந்தபின் சாமுண்டராயர் குடங்குடமாகப் பால் சொரிந்து அபிடேகம் செய்தார். எவ்வளவு ஊற்றியும் பால் இடைக்குக் கீழே இறங்கவில்லை. அப்போது ஏழை மூதாட்டி ஒருத்தி, குல்லகாய் என்னும் சிறு காயின் குடுவையில் ஏந்தி வந்த பாலைச் சொரிந்தாள். அது திருமுடி முதல் திருவடி வரை நனைத்து மலையிலும் வழிந்தோடியது. "நான் எடுப்பித்தேன்" என்னும் எண்ணம் தம் பாலைத் தடுத்ததை அமைச்சர் உணர்ந்தார். அம்மூதாட்டியின் உருவம் இன்றும் அவ்வாலயத்தில் பாகுபலியை நோக்கி நிற்கின்றது. தம் செருக்கு அடங்கிய கதைக்கும் தம் பெருஞ்சிலையின் எதிரிலேயே இடம் தந்த மரபு எத்துணை உயர்ந்த மரபு!

அதே ஊரில் கி.பி. 1368ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றுள்ளது. சமணருக்கும் வைணவருக்கும் எழுந்த வழக்கை விசயநகரத்துப் புக்கராயர் தீர்த்து வைத்த செய்தியைக் கூறுவது அது. இருநெறியினர்க்கும் வேற்றுமை பாராட்டலாகாது என்று மன்னர் சமணரின் கையை வைணவரின் கையில் வைத்து ஒப்படைத்தார். சமணர் தம் வாசலுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வீதம் தர வேண்டும். அத்தொகையில் வைணவர் பொறுப்பில் இருபது காவலரைப் பெளகொளாவில் அமர்த்த வேண்டும். எஞ்சியதைக் கொண்டு பழுதடைந்த ஜினாலயங்களைச் செப்பனிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. செல்வர் ஒருவர் கோயில் எடுப்பித்து விடலாம். அதனைக் காக்க வாசல்தோறும் ஒரு பணம் வேண்டியிருக்கின்றது. அண்டை வீட்டாரின் நல்லுறவும் வேண்டியிருக்கின்றது.

நம் கையில் உள்ளது

இம்மூன்றாம் கேள்விதான், அன்பர்களே, இன்று நம்மை நோக்கி எழுகின்றது. காத்தவர் எவர்?

மேலூர் அருகே அரிட்டாபட்டி மலையில் பழந்தமிழ்க் கல்வெட்டும் கற்படுக்கையும் தீர்த்தங்கரர் திருவுருவும் உள்ளன. 2022ஆம் ஆண்டு அப்பகுதியில் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்தபோது சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் திரண்டெழுந்தனர். 2025 சனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. அம்மக்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தார் அல்லர். தங்கள் மலை, தங்கள் சுனை, தங்கள் பறவை என்று அவர்கள் போராடினர். நம் முனிவரின் படுக்கையும் அதனோடு காக்கப்பட்டது. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். ஏனைய எத்தனையோ குன்றுகளில் கற்படுக்கைகளின் மேல் பெயர்களைக் கிறுக்கியும் வண்ணம் பூசியும் சிதைத்துள்ளனர்.

நம் ஊர்களின் நிலை என்ன? பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்று விட்டனர். அது தவறன்று, அன்றைய வணிகரும் ஊர் விட்டு ஊர் சென்றவர்களே. ஆனால் சில ஊர்களின் ஜினாலயத்தில் ஓரிரு முதியவர்களே விளக்கேற்றுகின்றனர். அவர்களுக்குப் பின் யார்? தாதாபுரத்தில் நேர்ந்தது வேறோர் ஊரில் நம் கண்ணெதிரே நேர விடலாமா?

ஆகவே நான் வேண்டுவன சில. ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை ஒரு கற்படுக்கைக் குன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த உப்பு வணிகனின் கதையைச் சொல்லுங்கள். ஜினாலயத் திருப்பணியில் பழங்கல்வெட்டின் மீது சுண்ணமோ வண்ணமோ பூச விடாதீர்கள். பளிங்கு ஓடு பதிப்பதற்காகப் பழங்கல்லைப் பெயர்க்க விடாதீர்கள். அறிந்தோரை அழைத்துக் கேட்ட பின்னரே கை வையுங்கள். வெளியூரில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் ஊரின் ஆலயத்திற்கு வாசலுக்கு ஒரு பணம் என்ற முறையில் ஆண்டுதோறும் இயன்றதை அனுப்புவதை ஒரு நியமமாகக் கொள்ளுங்கள். அவ்வூரில் வாழும் பிற சமயத்து அண்டையாரோடு அன்பு பாராட்டுங்கள்.

பற்றற்றவனுக்கு ஆலயம் எதற்கு?

நம் இளைஞர் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பற்றை விட்ட பெருமானுக்கு ஆலயம் எதற்கு? கட்டுவதில் மண்ணுயிர்க்கும் நீருயிர்க்கும் துன்பம் நேராதா? எல்லாம் அநித்தியம் என்று பாவனை செய்யும் நாம் பழங்கல்லைக் காக்க ஏன் பாடுபட வேண்டும்?" நல்ல கேள்வி. மழுப்பாமல் விடை கூற வேண்டிய கேள்வி.

ஆலயத்தால் அருகப் பெருமானுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவர் நம் பூசையால் மகிழ்வதுமில்லை, பூசை இன்மையால் வெகுள்வதுமில்லை. ஆலயம் நமக்காகவே உள்ளது. முற்றத் துறந்த முனிவர் தம் ஆன்மாவையே ஆலயமாகக் கொள்வர். நாமோ நமக்கென வீடு கட்டுகின்றோம். மக்களுக்கென மாடி எழுப்புகின்றோம். திருமணத்திற்கெனப் பந்தல் போட்டு மறுநாள் பிரிக்கின்றோம். இவற்றிலெல்லாம் நேரும் உயிர்த்துன்பத்தை எண்ணாதவர் ஜினாலயத்தில் மட்டும் அதனை எண்ணுவது முறையாகுமா? பொருளின் மீது இறுகிய நம் கைப்பிடியைத் தானம் சற்றே தளர்த்துகின்றது. ஆலயத்தில் நின்று அசைவற்ற திருவுருவைக் காணும் கணத்தில், நம் ஆன்மாவின் இயல்பும் அத்தகையதே என்னும் நினைவு எழுகின்றது. அந்நினைவே நற்காட்சிக்கு வாயில்.

கல் அநித்தியம் என்பது உண்மை. கல்லும் புத்கலமே, சேர்ந்தது பிரியும். பிரமிடும் ஒருநாள் மணலாகும். ஏழடிப்பட்டமும் ஒருநாள் பிளக்கும். இவ்வுடலும் அநித்தியமே. ஆயினும் விரதம் காக்கவும் நோன்பு நோற்கவும் கருவியாக உள்ளவரை உடலைப் பேணுகின்றோம். அவ்வாறே, அறத்தை நினைவூட்டும் கருவியாக உள்ளவரை அக்கல்லையும் பேண வேண்டும். பற்று வேறு, பொறுப்பு வேறு.

இன்னும் ஈராயிரம் ஆண்டு கழித்து ஒருவர் வந்து நம் காலத்தை ஆராய்ந்தால் என்ன காண்பார்? நாம் கட்டிய வீடுகளின் பரப்பைக் காண்பார். பொருள் வைக்க நாம் அமைத்த அறைகளையும் பேழைகளையும் காண்பார். நம் வீடுகளில் நமக்குத் தேவையானதற்கு மேல் எவ்வளவு இடம், அது எவர் பொருட்டு என்று அவர் கேட்டால், நம் சுவர்கள் என்ன விடை சொல்லும்? இன்றிரவு படுக்கச் செல்லுமுன் இதனை ஒரு நாழிகை சிந்தியுங்கள். பொருள் வரைந்து கொள்ளும் அணுவிரதத்தை ஏற்றவர் அதன் எல்லையைச் சற்றுச் சுருக்குங்கள். ஏற்காதவர் வரும் சதுர்த்தசியன்று ஒரு சிறு எல்லையாயினும் வகுத்துக் கொள்ளுங்கள். அதனால் மிஞ்சும் பொருளில் ஒரு பகுதி, உணவாகவோ மருந்தாகவோ கல்வியாகவோ அடைக்கலமாகவோ பிற உயிர்களைச் சென்றடையட்டும்.

உப்பு விற்றவன் ஒரு படுக்கை தந்தான். சாமுண்டப்பை ஒரு விளக்குத் தந்தார். மூதாட்டி ஒரு காய்க்குடுவைப் பால் தந்தாள். நாம் தருவது எது?

அனைத்துயிரும் இன்புற்று வாழ்க! அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!